கோழிக்குப் போட்ட தையல்

எங்கள் வீட்டில் இருந்தது சாயக்கோழி. அப்படிச் சொன்னால் இன்றைக்கு எத்தனை பேருக்குப் புரியுமோ தெரியவில்லை. தொண்ணூறுகளில் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு ஆள் சைக்கிளில் வருவார். கேரியரில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி இருக்கும். மூடியைத் திறந்தால் ரோஸ், பச்சை, ஊதா என்று கலர் கலராகக் கோழிக்குஞ்சுகள் கத்தும். பண்ணைகளில் வேண்டாம் என்று கழித்த குஞ்சுகளைச் சாயத்தில் முக்கிக் கொண்டுவந்து விற்பார்கள். கழிப்பதெல்லாம் சேவல்தான். முட்டை போடாததற்குப் பண்ணைக்காரன் ஏன் தீனி போடப்போகிறான்? வாங்கிய வீட்டில் அவை ஒரு வாரம் உயிரோடு இருந்தாலே பெரிது.

என் மனைவி மூன்று வாங்கினாள். எங்கள் ஒரே மகளை அப்போதுதான் பீன்யா பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். வீட்டில் பேச்சு குறைந்திருந்த நேரம். பச்சைக் குஞ்சு இரண்டும் நான்கு நாளில் போய்விட்டன. ரோஸ் மட்டும் நின்றது. கூடைக்குள் நாற்பது வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, சுற்றிலும் கோணியைப் போட்டு அதைக் காப்பாற்றினாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சாயம் போய் வெள்ளை இறகு வந்தது. சேவல் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் முட்டை கிடந்தது. அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள்.

"ஏங்க, உங்க சேவல் பண்ண வேலைய பாருங்க."

கடை என்று நான் சொல்வது வீட்டு முன்பக்கம் இருந்த தகரக் கொட்டகையை. ஆட்டோ சீட், கார் சீட் தைப்பது என் வேலை. எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பத்து வயதில் ஊசி பிடித்தவன். ஆட்டோ சீட்டில் ஒரு விஷயம் இருக்கிறது. பெங்களூரில் மழைக்கு நேரம் காலம் கிடையாது. சாயங்காலம் பெய்தால் சாரல் நேராக சீட்டில்தான் அடிக்கும். தையல் இடைவெளி விட்டிருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கி ஃபோம் ஊறிப்போகும். நாலு நாளில் நாற்றம் வரும், சவாரி வருகிறவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். அதனால் நான் நெருக்கித் தைப்பேன். மடித்து ஒன்று, அதன் மேலே இன்னொன்று. என் சீட்டில் தண்ணீர் இறங்காது என்று தொம்மலூரிலிருந்து கூட ஆட்டோக்காரர்கள் வருவார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. அதில் பொய் இல்லை.

கோழி அவள் பின்னாலேயே திரியும். குழாயடிக்குப் போனால் குழாயடிக்கு வரும். அவள் பாத்திரம் துலக்கினால் எதிரே உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்க்கும். அதனிடம் பேசுவாள். மகள் மாமியார் வீட்டில் நடப்பதெல்லாம் அந்தக் கோழிக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது. பக்கத்து வீட்டில் ஒரு கிறிஸ்தவ அம்மா இருந்தார். அவர் மதில் மேலே எட்டிப் பார்த்து, "இன்னா அக்கா, கோழி கூடப் பேசிக்கினு இருக்கியா?" என்பார். மனைவி அசரமாட்டாள். "கோழியாவது காது குடுத்துக் கேக்குது" என்பாள். எனக்குக் கேட்கவேண்டும் என்றுதான் சத்தமாகச் சொல்வாள்.

கொல்லை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நான்கு கட்டில் போடலாம், அவ்வளவு இடம். ஒரு முருங்கை, துவைக்கிற கல், பின் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் புதர், புதர் தாண்டி ரயில் தண்டவாளம். மதிலின் அடியில் தண்ணீர் போக ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை வழியாக அவ்வப்போது ஒரு கீரி எட்டிப் பார்க்கும். மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் சரி என்று சொல்லியனுப்பிய அன்று காலையில் என் மனைவி கீரியைப் பார்த்திருந்தாள். கீரியைப் பார்த்தால் நல்ல சேதி வரும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புவதுதான். இங்கே கன்னடக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். கோழி வந்த பிறகு அந்த ஓட்டையை அடைக்கலாம் என்று இரண்டு தடவை செங்கல் எடுத்துப் போனேன். இரண்டு தடவையும் அவள் விடவில்லை.

"அது பாட்டுக்கு வருது, போவுது. வர்ற நல்லத நீங்க ஏன் அடைக்கிறீங்க?"

அன்றைக்கு அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மதியம் பன்னிரண்டு இருக்கும். நான் ஒரு சீட்டுக்கு ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து கோழிச் சத்தம் வந்தது. முட்டை போட்டால் கத்தும் சத்தம் வேறு, இது வேறு. கத்தரிக்கோலோடு ஓடினேன். துவைக்கிற கல்லின் பக்கத்தில் கீரி அதை முதுகில் கவ்விக்கொண்டு உலுக்கிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோலை வீசினேன். கல்லில் பட்டுச் சத்தம் வந்ததும் விட்டது. விட்டதே தவிர ஓடவில்லை. நின்று என்னைப் பார்த்தது, பிறகு நிதானமாக ஓட்டை வழியாகப் போனது.

கோழி உயிரோடு இருந்தது. முதுகில், இறக்கைக்குப் பின்னாலிருந்து வால் வரை தோல் கிழிந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. என் உள்ளங்கை அகலம் இருக்கும். ரத்தம் அவ்வளவு இல்லை. உள்ளே சிவந்த சதை தெரிந்தது. கண்ணை மட்டும் சிமிட்டிக்கொண்டு ஆடாமல் கிடந்தது.

மனைவி வந்து பார்த்து, அரிசிப் பையை வாசலிலேயே போட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மஞ்சள் டப்பாவை எடுத்துவந்து காயத்தில் அப்படியே கொட்டினாள்.

"நான்தான் அடைக்க விடல. நான்தானே விடல. சொல்லுங்க."

"நீ சும்மா இரு, நான் தச்சுடறேன்" என்றேன்.

அப்போது அந்த வார்த்தை எனக்கு ரொம்ப சரியாகப் பட்டது. அவளும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தி ஐந்து வருஷத்தில் என் வேலையை அவள் ஒரு பொருட்டாகப் பார்த்த நாள் அது ஒன்றுதான் என்று சொல்லலாம். வளைந்த ஊசி ஒன்று என்னிடம் உண்டு, சீட்டின் மூலையைத் தைப்பதற்கு. அதைச் சுடுதண்ணீரில் போட்டு எடுத்தேன். நைலான் நூலையும் போட்டு எடுத்தேன். அவள் கோழியைத் துணியில் சுற்றி மடியில் வைத்து, அதன் தலையைத் தன் முந்தானையால் மூடிக்கொண்டாள். கோழித் தோல் ரொம்ப மெல்லிசு. ஈரக் காகிதம் மாதிரி. இழுத்தால் கிழியும். நான் இழுக்காமல், ஒவ்வொரு தையலாக, அரிசி நீளத்துக்கு ஒன்று போட்டேன். ஈ போகக்கூடாது, தண்ணீர் போகக்கூடாது, அழுக்குப் போகக்கூடாது. வால் பக்கம் வந்து முடிச்சுப் போட்டபோது, தோல் எங்கே கிழிந்திருந்தது என்று தேடித்தான் பார்க்கவேண்டும். அவ்வளவு சுத்தம். சீட்டுக்குத் தைப்பதைவிட நன்றாகத் தைத்தேன்.

டிவி வந்த அட்டைப்பெட்டியில் வெட்டி மிஞ்சிய ஃபோமை அடுக்கிப் படுக்கை போட்டேன். பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்தார்.

"அய்யோ, கோழிக்கு குஷன் மெத்தையா? எங்க வூட்டுக்காரரு இருபது வருஷமா பாய்லதான் படுக்கிறாரு. அவரையும் கொஞ்சம் கீரிகிட்ட வுட்டுப் பாக்கட்டுமா அண்ணே?"

மனைவி சிரித்துவிட்டாள். அந்த அம்மா போகும்போது கோழியின் தலையில் விரலை வைத்து ஜெபம் செய்துவிட்டுப் போனார்.

முதல் மூன்று நாள் நன்றாகத்தான் இருந்தது. ராகி மாவைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி மனைவி ஊட்டினாள். மருந்துக் கடையில் வாங்கிய சொட்டு ஃபில்லரில் தண்ணீர் விட்டாள். இரண்டாம் நாள் எழுந்து நின்றது. மூன்றாம் நாள் பெட்டிக்கு வெளியே தலையை நீட்டி அவளைக் கூப்பிட்டது. வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் துணியை விலக்கித் தையலைக் காட்டினாள். "எவ்ளோ நீட்டா போட்டிருக்காரு பாருங்க. டாக்டரு கூட இப்டி போட மாட்டாரு." நான் கடையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். கேட்கக் கேட்க நன்றாக இருக்கும்.

நாலாம் நாள் உருண்டையை வாயில் வைத்தால் கீழே விழுந்தது. கண்ணை மூடி மூடித் திறந்தது. எச்சம் பச்சையாகப் போனது. முதுகைத் தொட்டுப் பார்த்தேன். தோல் விம்மி, சூடாக இருந்தது. தையல் அப்படியே இருந்தது, ஒன்றுகூட விடவில்லை. "தையல் விடல, அப்புறம் இன்னா?" என்று அவள் கேட்டாள். நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் காலையில் பெட்டியருகே குனிந்தபோது நாற்றம் வந்தது. எனக்குத் தெரிந்த நாற்றம்தான். ஊறிப்போன ஃபோம் வெளியே போக வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே கெடும்போது வருகிற நாற்றம். அப்போதே எனக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கவேண்டும். தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

ஒயர் கூடையில் துணியை விரித்து அதை வைத்தேன். மனைவியும் வருகிறேன் என்றாள். முந்தின நாளிலிருந்து அவளுக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது. வேண்டாம் என்றேன். அவள் வந்திருந்தால் எல்லாமே வேறு மாதிரி ஆகியிருக்கும். அவள் இங்கேயே பிறந்தவள், கன்னடம் அவளுக்கு என்னைவிட நன்றாக வரும். எனக்குப் பழக்கமான ஆட்டோக்காரர் ஒருவர், பாய், கூட்டிப்போனார். அவர் வண்டியின் சீட்டும் நான் தைத்ததுதான்.

மாட்டு ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் ஒரு பசுவும், காதில் கட்டுப் போட்ட ஒரு நாயும் இருந்தன. பசுவைக் கொண்டுவந்தவர் என் கூடையை எட்டிப் பார்த்து, "கோழிக்கா டாக்டர் கிட்ட வந்தே? மசாலா அரைக்கத் தெரியலையா வூட்ல?" என்றார். பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "அரே, உன் மாட்டப் பாத்து நாங்க பிரியாணின்னு சொன்னமா? சும்மா நில்லுய்யா" என்றார்.

டாக்டர் கன்னடக்காரர். வயதானவர், பொறுமையானவர். மேஜை மேல் கோழியை வைத்துத் துணியை எடுத்தார். கண்ணாடியை மேலே தூக்கிக் குனிந்து பார்த்தார்.

"யாரப்பா ஹொல்தித்து?"

யார் தைத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். என்ன வேலை என்றார். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். "தையல் நன்றாக இருக்கிறது" என்றார், கேலியாக இல்லை. பிறகு சின்னக் கத்தரிக்கோலால் நடுவில் மூன்று தையலை வெட்டினார். உள்ளே இருந்தது வெளியே வந்தது. அதை விவரிக்க வேண்டாம். பாய் வெளியே போய்விட்டார். டாக்டர் இடுக்கியால் எதையோ பிடித்து இழுத்தார். மஞ்சள் கட்டி ஒன்று வந்தது. அப்புறம் ஒரு இறகு. முழு இறகு. தைக்கும்போது உள்ளே மடங்கியிருந்ததை நான் பார்க்கவில்லை. அதன் மேலேயே தைத்திருக்கிறேன்.

மீதித் தையலையும் வெட்டிக்கொண்டே அவர் கன்னடத்தில் சொன்னார். கீரியின் பல்லில் விஷம் மாதிரி அழுக்கு இருக்கும். அது வெளியே வடிய வழி வேண்டும். கோழிக்குச் சதை சீக்கிரம் வளரும், கழுவித் திறந்து விட்டிருந்தால் தானாகவே மூடியிருக்கும். நீ வழியே இல்லாமல் அடைத்துவிட்டாய். "முந்தாநாள் வந்திருந்தா பிழைச்சிருக்கும்" என்றார் தமிழில், எனக்குப் புரியவேண்டும் என்று. புரிந்துதான் இருந்தது. ஊசி ஒன்று போட்டார். ஊதாக் கலர் மருந்தைத் தண்ணீரில் கலந்து இரண்டு வேளை கழுவச் சொன்னார், பவுடர் கொடுத்தார். பிழைக்குமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வழியில் ரயில்வே கேட்டுக்குக் கிட்ட வந்ததும் பாய் வண்டியை ஓரம் கட்டினார். ரயில் போகட்டும் என்று நின்றோம். "மேஸ்திரி, வூட்ல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். நீ சொன்னாலும் பரவாயில்லை, நானே சொல்லப்போகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். ரயில் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். கூடையை வாங்கித் துணியைத் தூக்கிப் பார்த்தாள். காயம் இப்போது முதல் நாளைவிட மோசமாகத் தெரிந்தது.

"இன்னா இது? தையல் எங்க?"

"பிரிச்சுட்டாரு."

"பிரிச்சுட்டாரா? ஏன்?"

"மருந்து உள்ள போகணுமாம்."

நான் சொன்னது பொய் இல்லை, அதுவும் உண்மைதான். ஆனால் அவள் அடுத்துச் சொன்னதற்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

"நல்லா மூடி வெச்சிருந்தத பிரிச்சுப் போட்டா எப்டிங்க ஆறும்? அஞ்சு நாளா ஒரு தையல் விடல. அந்த ஆளு ஒரே நிமிஷத்துல கெடுத்துட்டானா? இதுக்கா கூட்டினு போனீங்க?"

கை கழுவப் போனேன்.

இரண்டு நாள் கழுவினோம். நான் ஊதாத் தண்ணீரை ஊற்றுவேன், அவள் பிடித்துக்கொள்வாள். கோழி அவள் கையில் எடையே இல்லாமல் இருந்தது. தண்ணீர் பட்டால் முதலில் காலை உதறும், பிறகு அதுவும் நின்றது. ஒவ்வொரு தடவை கழுவும்போதும் அவள் டாக்டரைத் திட்டினாள். திட்டும்போது அவள் முகத்தில் ஒரு தெம்பு இருந்தது. முதல் நாள், நான்தான் அடைக்க விடல என்று சொன்னாளே, அந்த முகம் இல்லை. அதனால்தான் நான் சொல்லவில்லை என்று பிறகு பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. தையலைப் பிரித்தவரை அவள் திட்டுவதும், தைத்தவனைப் பற்றிப் பெருமையாகச் சொல்வதும் ஒரே மூச்சில் வந்தது. அதில் ஒன்றை நிறுத்தினால் இன்னொன்றும் நின்றுவிடும்.

மூன்றாம் நாள் மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தபோது தலை தொங்கியிருந்தது. முருங்கையின் அடியில் ஆழமாகத் தோண்டிப் புதைத்தேன். பக்கத்து வீட்டு அம்மா வந்து மதிலோரம் நின்றார், அன்றைக்கு ஒரு கேலியும் பேசவில்லை. அவரிடம் மனைவி சொன்னாள், "இவரு காப்பாத்திட்டாரு. டாக்டருதான் சாவடிச்சுட்டாரு." தெருவில் எல்லோருக்கும் அதுவே கதை ஆனது. மகள் வந்தபோது மகளுக்கும் அதே கதை. அதன் பிறகு அவள் கோழி வளர்க்கவில்லை. சைக்கிள்காரர் வந்தால் உள்ளே போய்விடுவாள்.

ஏழெட்டு வருஷம் ஆனது. அவளுக்குச் சர்க்கரை வந்திருந்தது. ஒரு கோடையில் புதுச் செருப்பு கடித்து வலது கால் கட்டைவிரலோரம் கொப்புளம் வந்தது. மேலே தோல் மூடிக்கொண்டு உள்ளே கறுத்தது. நாங்கள் போன ஆஸ்பத்திரியில் அன்றைக்கே திறந்து சுத்தம் செய்யவேண்டும் என்றார்கள். அவள் கட்டிலிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடினாள்.

"மேல நல்லா மூடிக்கினு இருக்கு. தொறக்க வேணாம். எனக்குத் தெரியும், தொறந்தா இன்னா ஆவும்னு."

நர்ஸ் சொன்னாள், டாக்டர் சொன்னார், மகள் அழுதாள். கேட்கவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டோம். அவளை எப்படியாவது திரும்பக் கூட்டிப்போக வேண்டும். எப்படி என்று எனக்கு மட்டும் தெரியும். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் காலை, காப்பி கொடுத்துவிட்டு அவள் காலடியில் உட்கார்ந்து சொன்னேன். இறகைப் பற்றிச் சொன்னேன். மஞ்சள் கட்டியைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் சொன்னதை, அவர் சொன்ன கன்னடத்திலேயே சொன்னேன். கோழி என் தையலால்தான் செத்தது, அந்த டாக்டர் நல்ல மனுஷன், அவர் பிரிக்காமல் விட்டிருந்தால் அது இன்னும் ஒரு நாள் முன்னாடியே செத்திருக்கும் என்றேன்.

அவள் காப்பியைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து வந்த சிரிப்பு.

"என்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போக, உங்க தையலையே குறை சொல்லிக்கிறீங்களா? வேணாங்க. நல்லா இல்ல."

"சத்தியமா சொல்றேன்."

"சத்தியம் வேற பண்ணாதீங்க. நான்தான் பாத்தேனே. எவ்ளோ சுத்தமா போட்டிருந்தீங்க. நானு மடியில வெச்சுக்கினு இருந்தேனே."

பாயைக் கூட்டிவந்து சொல்ல வைக்கலாம் என்று நினைத்தேன். அவர் அதற்கு முந்தின வருஷமே இறந்துபோயிருந்தார். மறுபடியும் ஒரு தடவை முதலிலிருந்து சொன்னேன். அவள் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஒன்பது நாள் கழித்து, நினைவு இல்லாதபோது தூக்கிக்கொண்டு போனோம். கணுக்கால் வரை எடுத்தார்கள், பிறகு முழங்கால் வரை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள்.